அழைப்பிதழில் அண்ணனின் ஊர்

என் மகளின் காதுகுத்து அழைப்பிதழை, அச்சுக்குப் போகும் முன் கடைசியாகப் பார்த்துச் சரி சொன்னவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் மாமனார் மேலும் கொழுந்தன் மேலும் போட்டுவிட்டு நான் ஒதுங்கிக்கொள்வேன். கொஞ்ச நாள் அப்படித்தான் ஒதுங்கியிருந்தேன்.

கடலூர் செம்மண்டலத்தில் என் புகுந்த வீடு. அச்சகத்திலிருந்து அழைப்பிதழின் படம் போனில் வந்தபோது மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். திருவந்திபுரம் கோயிலில் மொட்டை, காதுகுத்து, பிறகு சாப்பாடு. நல்ல நேரம் சரியாக இருந்தது. மாமனாரின் அப்பா பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது, திருத்தச் சொன்னேன். கீழே ‘தாய்மாமன்’ என்று பூப்போட்ட கட்டத்துக்குள் என் அண்ணனின் பெயர். அதற்கும் கீழே அடைப்புக்குறிக்குள் அவன் இப்போது இருக்கும் ஊர், நாடு.

எங்கள் பக்கத்து அழைப்பிதழ்களில் பெயர் என்றால் ஊரும் இருக்க வேண்டும். பெரியப்பா என்றால் காடாம்புலியூர், சித்தப்பா என்றால் பண்ருட்டி. ஊர் போடாமல் ஒரு பெயர் மட்டும் மொட்டையாக நின்றால், என்ன தகராறோ என்று பந்தியில் பேசுவார்கள். அதுவும் தாய்மாமன். குழந்தையை மடியில் உட்கார வைத்துக் காது குத்தக் கொடுக்க வேண்டியவன்.

இட்லித் தட்டோடு மாமனாரிடம் போய் நின்றேன்.

“மாமா, அண்ணன் பேருக்குக் கீழ ஊர் வேணாமே. நாடு மட்டும் இருக்கட்டுமே.”

அவர் கண்ணாடியைக் கழற்றாமல் பார்த்தார். “ஏன், ஊர் இல்லாத ஆளா உங்க அண்ணன்? பந்தக்கால் நடுற வூட்ல நாலு பேரு கேப்பான். வெளிநாடுன்னா வெளிநாடுன்னு கெத்தா போட வேணாமா?”

“இல்ல மாமா, அவன்தான் யாருக்கும்…”

“யாருக்கும் தெரியக் கூடாதுன்னா அவன் இன்னா கொலையா பண்ணிட்டுப் போயிருக்கான்?”

‘ஓகே’ என்று அச்சகத்துக்கு அனுப்பினேன். கணக்கில் முதுகலை, அதன் பிறகு பி.எட். படித்தவள். ஒரு பதிலை மூன்று முறை சரிபார்த்துவிட்டு நான்காவது முறையும் சந்தேகப்படுகிறவள். அந்த ஒரு வரியில் மட்டும் சந்தேகம் வந்த பிறகும் விட்டுவிட்டேன். ஏன் என்று இப்போது தெரிகிறது. மறுபடி வாதாடினால், ‘ஊர் பேரை எனக்குச் சொன்னதே நீதானே’ என்று அவர் எல்லோர் முன்னாலும் கேட்பார். சொன்னது நான்தான்.

அண்ணன் சிதம்பரத்தில் ஒரு நாளிதழுக்கு நிருபராக இருந்தான். எங்கள் சாதியின் பெயரைச் சொல்லிக்கொண்டு இந்தப் பக்கத்தில் ஒரு அமைப்பு வளர்ந்தது. பெயரை எழுத மாட்டேன். சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்களைத் தேடிப் பிடித்துப் பிரிப்பதும், பிரியாதவர்களை அடிப்பதும் அவர்களுடைய வேலை. ஒரு பெண்ணை ஓடும் பஸ்ஸை மறித்து இறக்கி இழுத்துப் போனார்கள். யார் யார் என்று அண்ணன் பெயரோடு எழுதினான். வழக்கு அதிலிருந்துதான் சூடு பிடித்தது. பிறகு ஒரு சாயங்காலம், ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தியிருந்தவனை இரும்புக் கம்பியால் அடித்து வலது கையை முறித்தார்கள். எழுதுகிற கை என்று நினைத்துத்தான் அடித்திருக்கிறார்கள். அண்ணன் இடது கையால் எழுதுகிறவன்.

அடுத்த வாரம் அம்மா வீட்டுத் தெரு முழுக்க ‘கண்ணீர் அஞ்சலி’ சுவரொட்டி ஒட்டியிருந்தது. அண்ணனின் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, பிறந்த தேதி. இறந்த தேதிக்கு நேரே வெற்றிடம். அம்மா ஒரு வாளித் தண்ணீரும் தேங்காய் நாரும் எடுத்துப் போய் ஒவ்வொன்றாகத் தேய்த்து எடுத்தாள். தெருவில் ஒருவரும் கூட வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் உண்டு.

அண்ணன் பத்திரிகையாளர்களுக்கான ஒரு பயிற்சிக்கு என்று ஐரோப்பா போய், அங்கேயே தஞ்சம் கேட்டு இருந்துவிட்டான். அப்போது என் மகள் வயிற்றில் இருந்தாள். அவன் போய்விட்டால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தோம். ஆனால் அதே வழக்குக்குப் பயந்து அந்த அமைப்பின் தலைவர்கள் இரண்டு பேர் ஓடிப்போய் அதே ஐரோப்பாவில்தான் இருக்கிறார்கள். அங்கே வேலைக்குப் போன நம் ஊர்ப் பிள்ளைகளை வைத்துக் கூட்டம் போடுகிறார்கள். அண்ணன் அங்கிருந்து வாரம் ஒரு வீடியோ போடுகிறான். அவர்கள் யாரோடு சேர்கிறார்கள், இங்கே யாரை ஏவுகிறார்கள் என்று. எனவே அவனுடைய ஊர் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்: அம்மாவுக்கும் எனக்கும். “யார் கேட்டாலும் நாட்டுப் பேரை மட்டும் சொல்லு பாப்பா, உன் வூட்டுக்காரர் கேட்டாலும் அப்படித்தான்” என்பான்.

நான் இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை. மகளின் முதல் பிறந்தநாளுக்கு மாமனாரின் தம்பி வீட்டார் வந்திருந்தார்கள். கேக் வெட்டி முடித்ததும் மாமனார் எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே, “இவங்க அண்ணன் எங்க ஓடிப்போய்க் கெடக்கான்னு இவளுக்கே தெரியாது. ஊரைக் கெடுத்துட்டு எவன் வூட்டுக் கக்கூசைக் கழுவுறானோ” என்றார். “அவன் ஒண்ணும் ஓடி ஒளியலை மாமா” என்று ஊரின் பெயரைச் சொன்னேன். அங்கே ஓர் ஆய்வு நிலையத்தில் வேலை செய்கிறான், ஆறு ஓடும் ஊர், அழகான ஊர் என்றெல்லாம் சொன்னேன். மாமனார் அந்தப் பெயரை ஒரு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அழைப்பிதழ் அச்சாகி வந்த அன்றே கொழுந்தன் அதைப் படம் எடுத்துச் சொந்தக்காரர்களின் வாட்சப் குழுவில் போட்டான். கொழுந்தன் என்றால் கணவரின் சித்தப்பா மகன். அவனுடைய வண்டியின் முன்னால் அந்த அமைப்பின் ஸ்டிக்கர் இருக்கும். வீட்டு வாசலில் நிறுத்தும்போது அதை நான் பார்க்க வேண்டும் என்றே முன் சக்கரத்தைச் சமையலறை ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்துவான்.

ஒன்பதாம் நாள், காலை பத்தரை மணிக்கு அண்ணன் கூப்பிட்டான். அங்கே விடிந்துகூட இருக்காது.

“பாப்பா, காது குத்துக்குப் பத்திரிகை அடிச்சிட்டீங்களா?”

“ஆமாண்ணே. உனக்கு அனுப்பணும்னு…”

“வந்துடுச்சு.”

“நான் இன்னும் அனுப்பலையே.”

“என் லெட்டர் பாக்ஸ்ல கெடக்குது. கலர் பிரிண்ட். நாலு மூலையிலயும் கறுப்பு மை தடவியிருக்கு.”

நல்ல காரியத்துக்கான அழைப்பிதழில் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவோம். கறுப்பு, கருமாதிக் கடிதத்துக்கு. இதை வெள்ளைக்காரன் யாரும் செய்ய முடியாது. நம் வீட்டு விசேஷங்களில் உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்த ஒரு கைதான் அவன் வீட்டு வாசல்வரை வந்திருக்கிறது.

ஊர் தெரிந்த பிறகு வீட்டைக் கண்டுபிடிப்பது அவர்களுக்குக் கஷ்டமாக இல்லை. சின்ன ஊர். நம் மளிகைச் சாமான் விற்கும் கடை ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமைகளில் இட்லி அரிசி வாங்க வரும் ஒற்றை ஆள் எந்தத் தெருப் பக்கம் போகிறான் என்று கடையில் நின்று பார்த்தால் போதும்.

“ஊரை யாரு போடச் சொன்னது?” என்றான் அண்ணன். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“மாமா போட்டுட்டாரு.”

“அவருக்கு யாரு சொன்னது?”

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“அம்மாவா?”

இல்லை என்று நான் சொல்லவில்லை.

“அம்மாதான். வேற யாரு. அதால வாயை வெச்சிக்கினு சும்மா இருக்க முடியாது. சம்பந்தி வூட்ல பெருமை பேசியிருக்கும்.” மூச்சு விடுவது கேட்டது. “போலீஸ் வரேன்னு சொல்லியிருக்காங்க. இன்னைக்கே வூட்டைக் காலி பண்ணணும். இனிமே எந்த ஊருன்னு அம்மாவுக்குச் சொல்ல மாட்டேன். போனும் பண்ண மாட்டேன். கேட்டா, பிஸியா இருக்கான்னு நீ சொல்லிக்கோ.”

“பாப்பா அழுவுறா அண்ணே, வெச்சிடறேன்” என்றேன்.

மகள் அழவில்லை. தரையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் கொழுந்தன் வந்தான். வண்டியை நிறுத்தும் முன்பே வாசலுக்குப் போனேன்.

“அந்தப் பத்திரிகையை எங்கெங்க அனுப்புன?”

“இன்னா அண்ணி, எடுத்ததும் விசாரணையா? சொந்தக்காரங்க குரூப்புல போட்டேன். பத்திரிகைன்னா நாலு பேருக்குப் போவணும்ல?”

“வேற எங்க?”

“நான் போட்டது ஒரு குரூப்பு. அவுங்க அவுங்க எங்க போட்டாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?” சாவியை விரலில் சுற்றினான். “ஏன், மாமன் சீரோட வராரா? வந்தா சொல்லுங்க, மேளம் வெச்சி வரவேற்போம். எங்க பசங்க ரொம்ப நாளா அவரைப் பாக்கணும்னு கேட்டுனு இருக்கானுங்க.”

உள்ளேயிருந்து என் கணவர் வந்தார். தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் குளித்திருந்தார். ஏதாவது கேட்பார் என்று நின்றேன். “டேய், டீ சாப்புடுறியா?” என்றார்.

அவன் போன பிறகு சொன்னார்: “அவன்கிட்ட மோதிக்காத. நாளைக்கு இந்தத் தெருவுல நம்ம பொண்ணை வளக்கணும்ல.” அவர் சொன்னதில் தப்பு என்ன என்று எனக்குள் தேடினேன். நானும் அதைத்தானே நினைத்து அச்சகத்துக்கு ஓகே சொன்னேன்.

காவல் நிலையத்துக்கு நான் மட்டும் போனேன். நான்கு பக்கத்துக்கு நான் எழுதியிருந்த மனுவை எழுத்தர் முதல் பக்கத்தோடு நிறுத்தினார். “வெளிநாட்டுல லெட்டர் பாக்ஸ்ல பேப்பர் கெடந்துச்சுன்னு இங்க கேஸ் போடச் சொல்றீங்களா? அதுவும் உங்க வூட்டுப் பத்திரிகை. நீங்க அடிச்சது.” மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மாமனாரிடம் கறுப்பு மை விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் மாறியது. “அவங்க சொல்றதுல பாதி நியாயம் இருக்கு, அதுக்காக நல்ல காரியப் பத்திரிகையிலயா…” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். மறுநாள் வெள்ளைத் தாளைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, இன்னும் கொடுக்காத அழைப்பிதழ்களில் ஊரின் மேல் ஒட்ட உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். பசை பூச அவர், ஒட்ட நான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ஒட்டின தாளுக்குள் எழுத்து அப்படியே தெரிந்தது.

அண்ணனின் அந்த அழைப்புக்குப் பிறகு மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மகளைத் தூக்கிக்கொண்டு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். தாய்வீட்டுச் சீருக்கான வேலை இருந்தது. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அம்மாவைக் கூப்பிடுவது வழக்கம். மூன்று வருடத்தில் ஒரு வாரம் தவறியதில்லை. இப்போது இரண்டு ஞாயிறு தவறிவிட்டது. நான் போனபோது போன் சார்ஜரில் இருந்தது. நூறு காட்டிய பிறகும் அம்மா அதைக் கழற்றவில்லை. கழற்றினால் குறைந்துவிடும் என்றாள். பக்கத்திலேயே உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்தாள். குழந்தைக்கான கம்மலை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கு முன் வைத்திருந்தாள்.

“அவன் உன்கிட்டயாவது பேசறானா?”

“வேலை ஜாஸ்தியாம்மா.”

“வேலை ஜாஸ்தின்னா ரெண்டு நிமிஷம் இல்லையா? நானா போட்டாலும் போவ மாட்டேங்குது. நம்பரே இல்லைன்னு சொல்லுது.” காயைக் கீழே வைத்தாள். “நான் இன்னாடி தப்பு பண்ணேன்? போன தடவை பேசும்போது மருந்து வாங்கலைன்னு அவனைத் திட்டினேன். அதுக்கா?”

அந்த நேரத்தில் என் போன் அடித்தது. எண் காட்டாத அழைப்பு. அண்ணன் இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறான், என்னை மட்டும். நான் எழுந்து பின்பக்கம் துவைக்கிற கல் பக்கமாகப் போனேன். அம்மாவின் வீட்டிலேயே அம்மாவுக்குத் தெரியாமல் அவள் மகனோடு பேசப் போனேன்.

திரும்பிப் பார்த்தபோது அம்மா பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிட்டே வரவில்லை. “அவனா?” என்றாள். நான் தலையை ஆட்டினேனா, ஆட்டவில்லையா என்று நினைவில்லை. “நீ பேசு, நீ பேசு. நல்லா இருக்கானான்னு மட்டும் கேட்டுச் சொல்லு. நான் இங்க நிக்கிறேன்னு சொல்லாத.”

போனில் அண்ணன் “பாப்பா, கேக்குதா?” என்று இரண்டாம் முறை கேட்டான்.

“அண்ணே, அம்மா சொல்லலை. நான்தான் சொன்னேன்.”

“இன்னாது?”

“மாமாவுக்கு ஊரை நான்தான் சொன்னேன். பாப்பாவோட முதல் பர்த்டே அன்னைக்கு. அவரு உன்னைக் கேவலமா பேசுனாரு, பொறுக்க முடியலை. அம்மாவுக்கு இது எதுவுமே தெரியாது.”

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

“அன்னைக்கு அம்மாவான்னு கேட்டேன்ல?”

“கேட்ட.”

“பாப்பா அழுவுறான்னு வெச்ச.”

“அழலை அண்ணே.”

“மூணு வாரமா அதை நான் திட்டாத திட்டு இல்ல. இங்க மூட்டையைத் தூக்கினு ஒவ்வொரு வூடா மாறும்போதெல்லாம் அதைத்தான் திட்டினேன். பெத்தவளை. நீ கேட்டுனு இருந்த. போன வாரமும் கேட்டுனு இருந்த.” சின்ன வயதில் என்னை அடிக்கும் முன் அவன் இப்படித்தான் நிதானமாக அடுக்குவான். “என்னை அடிச்சவன்கூட முன்னாடி நின்னு அடிச்சான் பாப்பா. அவன் மூஞ்சியை நான் பாத்தேன்.”

நான் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பயந்துவிட்டேன், புகுந்த வீட்டில் என்னால் பேச முடியவில்லை, குழந்தை இருக்கிறது என்று என்னென்னவோ சொன்னேன். எல்லாம் உண்மை. எதுவும் அவனுக்குத் தேவைப்படவில்லை.

“அம்மாகிட்ட குடு.”

கொடுத்தேன். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கினாள். “சாமி” என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். பிறகு கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நீ செத்த அந்தாண்ட போ” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா அவரைக்காய்ப் பொரியலை எனக்கு இரண்டாம் முறையும் போட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. என்ன பேசினான் என்று நானும் கேட்கவில்லை.

காதுகுத்து நடந்தது. பெரியம்மா மகன் மடியில் என் மகளை உட்கார வைத்தோம். கொழுந்தன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “இன்னா அண்ணி, ஒரிஜினல் மாமன் லைவ்ல வரலையா?” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டான். இரண்டு பேர் சிரித்தார்கள். நான் போய் அவன் போனின் மேல் கையை வைத்து மூடினேன். கையை எடுக்கவில்லை. கணவர் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் மாமனார்தான், “வெச்சிட்டுப் போடா, போயி எலை போடு” என்றார். மகள் வீறிட்டு அழுதாள். கம்மல் போட்டு முடியும்வரை நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைக் கூப்பிடுகிறான். புது ஊர் எது என்று அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. என்னையும் அவன் கூப்பிடுவான், பொங்கலுக்கு ஒரு முறை கூப்பிட்டான். குழந்தை எப்படி இருக்கிறாள், அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டான். சம்பந்தி வீட்டில் பேசுவது போலப் பேசினான். வீடியோக்களை மட்டும் நிறுத்தவில்லை. நான் ஒவ்வொன்றையும் பார்க்கிறேன். பின்னால் வெறும் வெள்ளைச் சுவர்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போயிருந்தேன். பதினோரு மணிக்கு அண்ணனின் வீடியோ அழைப்பு வந்ததும் அம்மா என் மகளையும் கூட்டிக்கொண்டு அறைக்குள் போனாள். நான் கூடத்தில் துணி மடித்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் சிரிப்பது கேட்டது. கொஞ்ச நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு மகள் ஓடி வந்தாள். அவளுக்கு ஒரு சேதி கிடைத்தால் அதை என்னிடம் கொட்டும் வரை நிற்க மாட்டாள்.

“அம்மா, மாமா வூட்டு ஜன்னல்ல பாத்தேனே, அங்க பெரிய…”

அவள் வாயைப் பொத்தினேன். விரல்களுக்கு அடியில் உதடு அசைந்துகொண்டே இருந்தது. திமிறினாள்.

“சொல்லாத கண்ணு” என்றேன். “அம்மாகிட்ட சொல்லாத.”